ஒன்றுக்கு ஒன்று

அக்கா, நீ தூங்கியிருப்பாய் என்று தெரியும். ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. மணி ஒன்றரை. கடைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஃபேன் போடவில்லை, போட்டால் அந்தக் கடகட சத்தத்தில் பின்னறையில் தூங்கும் அப்பா எழுந்துவிடுவார். ஐந்து மணிக்கு அவரைக் கூட்டிப்போக வண்டி வருகிறது. வெளியூரில் இருபது நாள் படம் எடுக்கிற வேலை. பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுத்தான் படுத்தார். அந்த வண்டி வருவதற்குள் நான் அவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு தடவை எழுந்து போய் அவர் தலைமாட்டில் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன். அதனால் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பாவின் முதுகில் இருக்கிற மச்சத்தைப் பற்றியது.

நீ வேலைக்கு அந்த ஊருக்குப் போன பிறகு நடந்தது, அதனால் உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருமல் வந்தது, விடவேயில்லை. தெருமுனை டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். சட்டையைத் தூக்கி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"தெரியலையே டாக்டர். என் முதுகை நான் எப்ப பாத்தேன்? கூடப் பிறந்ததா இருக்கும்."

"ஓரம் கொஞ்சம் கோணலா இருக்கு. இப்போதைக்குச் சின்னதுதான். ஒரு போட்டோ எடுத்து வைங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொன்னு எடுத்துப் பாருங்க. துளி வளர்ந்திருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, இந்தச் சீட்டை எடுத்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

"போட்டோதானே? அது நம்ம தொழிலாச்சே!"

"பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க."

அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. இருமலை மறந்துவிட்டார். வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "ஸ்கேல் வைக்கணுமாம் ஸ்கேல்! இருபத்தஞ்சு வருஷமா பழைய காசு, தபால்தலை, வாட்ச் சக்கரம்னு ஏலக் கேட்டலாகுக்கு எடுத்துக் குடுக்கறேன். எவனாவது ஒருத்தன் அளவு தப்புன்னு சொல்லியிருக்கானா? ஒன்னுக்கு ஒன்னுன்னா ஒன்னுக்கு ஒன்னுதான்."

உனக்கு லென்ஸ் பேச்சு என்றாலே கொட்டாவி வரும். ஆனால் இதை மட்டும் பொறுமையாகக் கேள், இது புரியாவிட்டால் என் தப்பும் புரியாது. அப்பாவின் மேக்ரோ லென்ஸ் இருக்கிறதல்லவா, கையால் திருகுகிற அந்தப் பழைய கறுப்பு லென்ஸ்? அதன் வளையத்தைக் கடைசி வரை திருகிவிட்டால், எதிரே இருக்கிற பொருள் கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் அதே அளவில் விழும். காசு எவ்வளவு பெரியதோ பிம்பமும் அவ்வளவு பெரியது. அதுதான் ஒன்றுக்கு ஒன்று. சென்சாரின் அகலம் முப்பத்தாறு மில்லிமீட்டர். அப்பா அதைப் பதினெட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிரிண்ட் போடுவார். அதாவது ஐந்து மடங்கு. பிரிண்டில் அளந்து ஐந்தால் வகுத்தால் நிஜ அளவு வந்துவிடும். பக்கத்தில் ஸ்கேல் வைப்பதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்வது என்பார்.

இனி என் பங்கு.

டெலிகன்வர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு விரல் தடிமனுக்கு ஒரு வளையம், உள்ளே கண்ணாடி. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் அதை மாட்டினால் எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். ஒன்றுக்கு ஒன்று என்பது ஒன்றுக்கு இரண்டாகிவிடும். வெளிச்சம் மட்டும் கால்வாசிதான் உள்ளே வரும். நம்மிடம் இருப்பது பழசு. அதில் எந்தக் கம்பியும் கிடையாது, அது மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதன் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். எந்தக் காலத்திலோ வேறொரு லென்ஸில் அதைத் திருகப் போய், லென்ஸின் பின்கண்ணாடியில் முட்டிக் கீறிவிட்டதாம். அன்றிலிருந்து அது பிஸ்கட் டப்பாவில், அலமாரியின் அடித்தட்டில், கைதி மாதிரி கிடக்கிறது. தொடக் கூடாது என்பது உத்தரவு.

நான் தொட்டேன்.

எறும்பின் முகத்தை எடுப்பதற்காக. சிரிக்காதே. அந்த லென்ஸோடு கன்வர்ட்டரை மாட்டினால் எறும்பின் கண்ணில் இருக்கிற சின்னச் சின்னக் கட்டங்கள்கூடத் தெரிகிறது அக்கா. அதுவும் முன்பு எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தோமோ அதே தூரத்திலிருந்து. கிட்டே போய் அதைப் பயமுறுத்த வேண்டாம். அப்பா வெளியே போகிற, இல்லையென்றால் தூங்குகிற மத்தியானங்களில் ஒரு துளி சர்க்கரையைக் கடை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நான் எடுத்த எறும்புகளை அப்பாவும் பார்த்திருக்கிறார், ஆனால் படத்தை வெட்டிப் பெரிசாக்கியது என்று நினைத்துக்கொண்டார். என்னை எறும்பு என்றே கூப்பிடவும் ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கும் எறும்புதான் எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே பின்னறையிலிருந்து வந்தார்.

"ஏய் எறும்பு, கேமராவை எடுத்துட்டு வா. முதுகைப் பிடி."

பெஞ்சில் குப்புறப் படுத்துவிட்டார். எல்.ஈ.டி. விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினேன். குப்புறப் படுத்தபடியே எனக்கு ஆர்டர் போட்டார்.

"வளையத்தக் கடைசி வரைக்கும் திருகிட்டியா?"

"திருகிட்டேன்."

"இனிமே அதைத் தொடாத. நீ முன்ன பின்ன சாஞ்சு ஃபோகஸ் பாரு."

"இருட்டா இருக்குப்பா."

"இருட்டா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"விளக்கு பேட்டரி இறங்கியிருக்கும்."

"சரி, ஐ.எஸ்.ஓ. ஏத்திக்க. சீக்கிரம், மூக்கு பெஞ்சுல நசுங்குது."

ஐ.எஸ்.ஓ. என்பது குறைந்த வெளிச்சத்துக்கு ஈடாகக் கேமராவின் உணர்வைக் கூட்டுகிற எண், அதை ஏற்றிக்கொண்டேன். எடுத்தேன். பிரிண்டில் மச்சம் சரியாக மூன்று சென்டிமீட்டர். அப்பா பிரிண்டை நோட்டில் ஒட்டி, கீழே எழுதினார்: ஒன்றுக்கு ஒன்று, ஆறு மில்லிமீட்டர். தேதி. கையெழுத்து வேறு, ஏலக் கம்பெனிக்கு அனுப்புகிற மாதிரி.

அப்பா கூப்பிட்டதுமே கன்வர்ட்டரைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நம்பினேன்.

போன மாதம் ஒரு நாள் அம்மா அப்பாவின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னங்க, இது பெரிசான மாதிரி இருக்கு."

"உனக்கு எல்லாமே பெரிசாத்தான் தெரியும். கண்ணாடிய மாத்து."

"ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை பாக்கற கண்ணு இது. ஒரு தையல் விட்டுப்போனாலும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது." அம்மா இப்போது தையல் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள் அல்லவா, அந்தத் திமிர். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மச்சத்தின் மேல் வைத்தாள். "அஞ்சு இருக்கு."

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. "அஞ்சா? நோட்டுல ஆறுன்னு இருக்கு! பெரிசாகலடி, சுருங்கியிருக்கு! நீ தேச்ச எண்ணெய்ல கரைஞ்சுடுச்சு!"

எதிர்வரிசை டீக்கடைக்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் அப்பாவை மச்சக்காரர் என்றுதான் கூப்பிடுவார். "மச்சக்காரருக்கு மச்சமே குறையுதா? பாத்துங்க, அதிர்ஷ்டமும் குறைஞ்சிடப் போகுது!" என்று அவரும் சிரித்தார். அம்மா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். பத்து மணிநேரம் நின்றுவிட்டு வந்த காலோடு யாரிடம் சண்டை போடுவாள்?

அப்போது எனக்குள் எங்கோ ஒரு ஊசி குத்தியது. ஆறு எப்படி ஐந்தாகும்? அது துணி அளக்கிற டேப், அதில் மில்லிமீட்டர் சரியாகத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பரீட்சை வேறு இருந்தது. விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் மூன்று மாதம் முடிந்தது. ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார் அப்பா. அதே பெஞ்சு, அதே விளக்கு, அதே லென்ஸ். நான்தான் எடுத்தேன். நன்றாக வெளிச்சமாக இருந்தது. பிரிண்ட் வந்ததும் அப்பா ஸ்கேல் வைத்தார். மூன்று சென்டிமீட்டர்.

"ஒரு நூல் கூட இருக்கற மாதிரி இருக்கே?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நூல் எல்லாம் உன் யூனிட்டு கணக்கு. இது ஆறு. அதுவும் ஆறு. உன் கண்ண நம்பறதா, லென்ஸ நம்பறதா?"

டாக்டரம்மா கொடுத்த சீட்டை நோட்டுக்குள்ளிருந்து எடுத்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இருமல்கூட அப்போது வரவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு தோளை நிமிர்த்தி நடந்து போனார். அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் அக்கா, அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாப்பிட்டு எல்லோரும் படுத்த பிறகு நோட்டை எடுத்து வைக்க வந்தேன். இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தன. சும்மாதான் பார்த்தேன்.

அப்பாவின் முதுகில் அம்மை போட்ட குழி ஒன்று உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் நாம் அதில் விரலை வைத்து பெல் அடிப்போம். முதல் படத்தில் அந்தக் குழி ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. மச்சத்தின் நடுவிலிருந்து எட்டு சென்டிமீட்டர். இன்றைய படத்தில் அது தாராளமாக உள்ளே இருக்கிறது, அதற்கப்பால் இன்னும் நிறையத் தோல் தெரிகிறது. அளந்தேன். நாலு சென்டிமீட்டர்.

மச்சம் வளரும், சுருங்கும். முதுகு சுருங்குமா அக்கா?

திரும்பத் திரும்ப அளந்தேன். மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு முடி இருக்கிறது. முதல் படத்தில் கயிறு மாதிரி. இன்றைக்கு நூல் மாதிரி. கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு படத்தின் விவரத்தையும் பார்த்தேன். ஷட்டர் வேகம் அதே. வெளிச்சம் நுழைகிற லென்ஸ் துவாரத்தை அப்பா எப்போதும் மாற்றுவதில்லை. ஐ.எஸ்.ஓ. மட்டும் அன்றைக்கு ஆயிரத்து அறுநூறு, இன்றைக்கு நானூறு. நாலு மடங்கு. கன்வர்ட்டர் தின்கிற வெளிச்சமும் சரியாக அவ்வளவுதான். விளக்கு பேட்டரி இறங்கவேயில்லை.

கன்வர்ட்டரைக் கழற்றவில்லை. அதோடுதான் எடுத்திருக்கிறேன். ராத்திரி லென்ஸைத் துடைத்து வைக்கும்போதுதான் கழற்றியிருக்கிறேன். குப்புறப் படுத்திருந்த அப்பாவுக்கு என் கையில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? தூரமும் வழக்கமான தூரம்தான். படமும் அழகாக வந்தது.

அப்படியானால் அன்றைக்கு அது ஆறு இல்லை. மூன்று. அம்மா டேப் வைத்தபோது ஐந்து. இன்றைக்கு ஆறு.

போனில் தேடினேன். இரண்டாவது வரியிலேயே புற்றுநோய் என்று இருந்தது, மூடிவிட்டேன். எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுகிறது, அழித்து அழித்து அடிக்கிறேன். குப்பைக்கூடையிலிருந்து சீட்டை எடுத்துவிட்டேன். நாலு துண்டும் கிடைத்துவிட்டது, ஒன்றில் மட்டும் டீத்தூள் ஒட்டியிருக்கிறது. இன்னும் மூன்றரை மணிநேரத்தில் வண்டி வந்துவிடும். நான் சொல்லாவிட்டால் அப்பா சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விடுவார். சொன்னால், இந்த மூன்று மாதமும் என்னால்தான். அம்மா வாய் விட்டுச் சொன்ன பிறகும் வீணாய்ப் போன அந்த ஒரு மாதமும் என்னால்தான். அவர் திட்டுவார் என்று பயமில்லை அக்கா. திட்டாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது?

பின்னால் யாரோ நடக்கிற சத்தம். அப்புறம் அடிக்கிறேன்.

*

மணி மூன்றே முக்கால். நீ இன்னும் படிக்கவில்லை. பரவாயில்லை, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

வந்தது அம்மா. தண்ணீர் குடிக்க எழுந்தவள் கடைக்குள் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறாள். முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்தாள். காலையில் போட்ட வலிக்களிம்பு வாசனை இன்னும் அவள் மேல் இருந்தது.

"என்னடி இது, பேய் மாதிரி உக்காந்திருக்க? நாளைக்கு கிளாஸ் இல்லையா?"

சீட்டுத் துண்டுகளைக் கையால் மூட முயன்றேன். அவள் கண்ணுக்குத் தப்புமா?

"அதை எதுக்கு எடுத்த?"

"அம்மா, திட்டாத."

"நீ சொல்லு முதல்ல. அப்புறம் திட்டறதா வேண்டாமான்னு பாக்கலாம்."

எறும்பு, பிஸ்கட் டப்பா, இருட்டு, அம்மைக்குழி என்று முன்னுக்குப் பின் முரணாக உளறினேன். அம்மா பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இந்தக் கன்வர்ட்டர் என்ன எழவோ எனக்கு வேண்டாம். அன்னிக்கு நிஜமா எவ்வளவு? அதை மட்டும் சொல்லு."

"மூணு."

"நான் டேப் வச்சப்போ அஞ்சு."

"ஆமா."

"இன்னிக்கு ஆறு."

"ஆமா."

மூன்று விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கினாள். மூணு, அஞ்சு, ஆறு. இன்னொரு தடவை மடக்கினாள். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். 'நான்தான் அன்றைக்கே சொன்னேனே' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவேயில்லை. உட்கார்ந்தபடியே கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அவர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நீயே சொல்லும்மா."

"நான் சொன்னா அவர் மறுபடி லென்ஸு கதை பேசுவார். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல. நீ சொன்னாத்தான் புரியும்."

எழுப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பேச்சுக் குரல் கேட்டு அப்பாவே லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன ரெண்டு பேரும் மாநாடு போட்டிருக்கீங்க? வண்டி வந்துடுச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். என்னென்னவோ ஆரம்பம் யோசித்து வைத்திருந்தேன் அக்கா. கடைசியில் ஒரே வரிதான் வந்தது.

"அப்பா, அன்னிக்கு உங்க முதுக எடுத்தப்போ லென்ஸ்ல கன்வர்ட்டர் மாட்டியிருந்துச்சு."

உலகத்தில் வேறு யாரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னாலும் 'அதுக்கென்ன' என்று கேட்டிருப்பார்கள். அப்பா கேட்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பின்கண்ணாடில கீறல் விழலையே?"

"விழலப்பா. அந்த லென்ஸுக்கு முட்டல."

"முட்டாதா?"

"முட்டல. இடம் இருக்கு."

"ஓ." தலையை ஆட்டினார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் ஸ்டூல் ஒரு அடி நகர்ந்தது. "இப்ப அதுதான் முக்கியமா? மனுஷனா நீங்க?" என்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஒன்னு புள்ளி நாலு மடங்கா, ரெண்டு மடங்கா?"

"ரெண்டு."

"ரெண்டு," என்று அவரும் சொன்னார்.

நோட்டைத் திறந்தார். குழியைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். நான் அரைமணி நேரம் அளந்ததை அவர் ஸ்கேல் இல்லாமல் இரண்டு நொடியில் பார்த்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து, கையைப் பின்னால் வளைத்து, எட்டாத அந்த இடத்தைத் தொடப் பார்த்தார். விரல் போகவில்லை. திரும்ப ஒரு தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டார்.

"இருட்டா இருக்குன்னு நீ சொன்னல்ல," என்றார். "ரெண்டு ஸ்டாப்பு வெளிச்சம் குறைஞ்சிருக்கு. இருபத்தஞ்சு வருஷம். மூக்கு பெஞ்சுல நசுங்குதுன்னு அவசரப்பட்டேன்."

"நான் சொல்லியிருக்கணும்பா. அம்மா அஞ்சுன்னு சொன்னப்பவே எனக்கு..."

"எனக்கும்தான் தோணியிருக்கணும். மச்சம் எங்கயாவது சுருங்குமா?" சிரிக்க முயன்றார், சிரிப்பு இருமலாகிவிட்டது. "டீக்கடைல போய் வேற சொன்னேன்."

அவர் திட்டவில்லை அக்கா. நான் பயந்தது அதுதான். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டபோது அவரே என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கிற குட்டுதான். அதற்குப் பிறகு எனக்கு மூச்சு வந்தது.

அம்மா சீட்டுத் துண்டுகளை மேசையில் பரப்பிவிட்டாள். டீத்தூளை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பார்சல் ஒட்டுகிற டேப்பைக் கேட்டாள். கிழிந்த சட்டைக் காலரைப் பொருத்துவது போல, எழுத்தோடு எழுத்தாக நான்கையும் சேர்த்து, பின்பக்கமாக ஒட்டினாள். டாக்டரம்மாவின் கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

"வண்டிக்காரனுக்கு போன் போடுங்க," என்றாள்.

"அங்க இருநூறு காசைப் படம் எடுக்கணும். நாள் குறிச்சிருக்காங்க."

"முன்னூறு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்த காசு. இன்னும் ரெண்டு வாரம் கிடக்காதா?"

அப்பா போனை எடுத்தார். வண்டிக்காரரிடம் உடம்பு சரியில்லை என்றார். என்ன உடம்புக்கு என்று அவர் கேட்டிருப்பார் போல. அப்பா "முதுகு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு கதவோரம் இருந்த பையை அவிழ்த்துக் கேமராவை வெளியே எடுத்தார். லென்ஸின் பின்பக்கத்தை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார், கீறல் இருக்கிறதா என்று, நான் சொன்னதை நம்பாமல். அப்புறம் மாட்டி என்னிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரில கேப்பாங்க. ஒழுங்கா ஒரு படம் வேணும். உன் ஸ்கேல எடுத்துட்டு வா."

"எந்த ஸ்கேல்?"

"ஸ்கூலுக்குக் கொண்டு போவியே, அந்த பிளாஸ்டிக் ஸ்கேல். வச்சு எடு."

என்னுடைய ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் பாதி உடைந்தது. பூஜ்யம் இருக்கிற முனையே கிடையாது, ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அதை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பா சட்டையில்லாமல் பெஞ்சில் குப்புறப் படுத்தார். அம்மா விளக்கைப் பிடித்தாள். அவள் கை அசையவில்லை. மச்சத்துக்குக் கீழே ஸ்கேலை வைத்தேன். சில்லென்று பட்டிருக்கும், அப்பாவின் முதுகு ஒரு தடவை சிலிர்த்தது.

"வளையத்தத் திருகிட்டியா?" என்று கேட்டார், பெஞ்சுக்குள் முகத்தை வைத்தபடி.

"திருகிட்டேன்."

"நடுவுல வேற ஏதாவது மாட்டியிருக்கா?"

"இல்லப்பா."

"தொட்டுப் பாத்துச் சொல்லு."

தொட்டுப் பார்த்தேன். லென்ஸ், அடுத்தது கேமரா. நடுவில் ஒன்றுமில்லை. சொன்னேன். எடுத்தேன். ஸ்கேலில் இரண்டாம் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, ஆறு சின்னக் கோடுகளைத் தாண்டி முடிந்தது. ஆறேகால் இருக்கும். அம்மா சொன்ன அந்த ஒரு நூலும் இருந்தது.

அப்பா நோட்டில் முதல் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். கையெழுத்தை அடிக்கவில்லை. பக்கத்தில் 'ஒன்றுக்கு இரண்டு, மூன்று மி.மீ.' என்று எழுதி, நேற்றைய தேதியா இன்றைய தேதியா என்று கேட்டார். மணி மூன்றைத் தாண்டிவிட்டது, இன்றைய தேதி என்றேன்.

இப்போது இருவரும் உள்ளே படுத்திருக்கிறார்கள். தூங்கவில்லை. அப்பா தூங்குவது போல மூச்சு விடுகிறார், அம்மா அதை நம்புவது போலப் படுத்திருக்கிறாள். ஏழு மணிக்குக் கிளம்பி, ஆஸ்பத்திரி கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். யூனிட்டுக்கு லீவு சொல்ல என்னை மெசேஜ் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன். நானும் போகிறேன். படங்களை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. என்ன சொல்வார்களோ தெரியவில்லை. மூன்று, ஐந்து, ஆறேகால் என்று மனதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் கண்ணை மூட முடியவில்லை. உனக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் ஏழு மணிக்கு மேல் அப்பாவுக்கு ஒரு போன் போடு. மச்சத்தைப் பற்றிக் கேட்காதே. எறும்பு படம் எப்படி இருக்கிறது என்று கேள். கன்வர்ட்டர் அந்த லென்ஸில் முட்டாது என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்டால் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்.